உள்ளங்கை உயர்ந்தால் இசை இல்லை

நான்கு நிமிடம் பத்து வினாடி. சாந்தோம் லியோனார்டின் பெயரை ஒரு சினிமாவில் ‘இசை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய இசையின் மொத்த நீளம் அவ்வளவுதான். ஒரு பாட்டு, பிறகு படத்தின் முடிவில் அதே மெட்டில் கொஞ்சம் முனகல். அவருக்கு வயது எழுபது. மேடைக்காக அவர் எழுதிய இசை நாடகங்களை ஒன்றுவிடாமல் நடத்தினால் ஒரு வாரம் போதாது. சினிமா ஸ்டுடியோக்களுக்கு முப்பது வருடம் போய்வந்திருக்கிறார். ஆனாலும் வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்தது இப்படி ஒரு நான்கு நிமிடத்துக்காகத்தான்.

லியோனார்டின் அப்பா பள்ளி ஆசிரியர். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவை நடத்தியவர். வீட்டில் ஆர்மோனியம் இருந்தது. சினிமாவுக்கும் தடை இல்லை, தவக்காலத்தைத் தவிர. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை கறி கிடையாது, சினிமா கிடையாது. கறி இல்லாமல் லியோனார்டால் இருக்க முடிந்தது. சினிமாவுக்கு அவர் கண்டுபிடித்த வழி, மயிலாப்பூரில் அப்போதிருந்த ஒரு தியேட்டரின் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் திரை, இந்தப் பக்கம் ஒரு குறுகலான சந்து. சந்தில் நின்றால் படம் முழுவதும் கேட்கும். பார்த்தால்தான் பாவம், கேட்டால் இல்லை என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்பார்.

ஈஸ்டர் முடிந்தும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தால், டிக்கெட் வாங்கி உள்ளே போய்ச் சரிபார்ப்பார். வயலின்கள் கதறிய இடங்களில் பெரும்பாலும் யாராவது ஓடிக்கொண்டிருந்தார்கள். சந்தில் நின்றபோது ஒன்றுமே கேட்காத இடங்களும் உண்டு, ஃபிலிம் அறுந்துவிட்டதோ என்று அவர் சுவரில் காதை வைத்த இடங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கேதான் ஒருத்தி வீட்டை விட்டுப் போக முடிவெடுத்திருப்பாள், அல்லது ஒரு அப்பா மகனை அடையாளம் கண்டுகொண்டு வாயைத் திறக்காமல் நின்றிருப்பார். அந்த வயதில் அவருக்கு அது வெறும் ஆச்சரியம்.

பதினெட்டு வயதில், அவர்கள் சர்ச்சின் பங்கு மக்கள் ஆண்டுதோறும் தவக்காலத்தில் நடத்தும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்கு இசையமைக்கும் வேலை அவரிடம் வந்தது. அந்த வருடம் சிலுவை சுமந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மேடையில் கயிறு தடுக்கி உண்மையாகவே விழுந்துவிட்டார். எழுவதற்கு நேரமாகிறது. லியோனார்ட் ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தைப் பிடித்தபடி துருத்தியை இழுத்துக்கொண்டே இருந்தார். பின்னால் இருந்த வயலின்காரர்களும் அதையே பிடித்தார்கள். கிரேன்காரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நின்ற பிறகுதான் அடுத்த சுரம். நாடகம் முடிந்து வீட்டுக்குப் போன கூட்டம் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனது. மேடையில் ஆளுக்காக இசை காத்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு நாடகம். மந்தைவெளி, அடையாறு, சாந்தோம் என்று பள்ளி மைதானங்களில் எல்லாம் மேடை போட்டார்கள். நடித்தவர்கள் வங்கிக் குமாஸ்தா, நர்ஸ், மீன்காரம்மா, ஆட்டோ ஓட்டுநர் என்று கிடைத்தவர்கள்.

சர்ச்சில் வயலின் படித்தவர்களுக்குக் கோடம்பாக்கத்தில் வேலை இருந்த காலம் அது. லியோனார்டும் 12B பேருந்தில் போனார். வயலின்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்ததால் அவர் கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார்கள். பின்னணி இசையை அப்போது படத்தைத் திரையில் ஓடவிட்டு, ஐம்பது பேர் உட்கார்ந்து நேரடியாக வாசிப்பார்கள். அதற்கு ரீரெக்கார்டிங் என்று பெயர். முதலில் ஒரு ரீலை இசையே இல்லாமல் போட்டுக் காட்டுவார்கள். கதவு எப்போது திறக்கிறது, கன்னத்தில் அறை எப்போது விழுகிறது என்று நேரம் குறிப்பது உதவியாளர் வேலை. லியோனார்ட் வேலை செய்த இசையமைப்பாளரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். பெரியவர் திரையைப் பார்க்கும்போது பாதி நேரம் லியோனார்டைப் பார்ப்பார்.

“இங்க வேணுமா லியோ?”

லியோனார்ட் பதில் பேசமாட்டார். வலது உள்ளங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவார். இந்த இடத்தில் இசை வேண்டாம் என்று அர்த்தம். ஒரே ஒரு முறை பெரியவர் காரணம் கேட்டார். “படம் சொல்லிடுச்சு சார். அதையே நாம திரும்பச் சொல்ல வேணாம்” என்றார். அதற்குப் பிறகு பெரியவர் காரணம் கேட்டதில்லை. அந்தக் கை உயர்ந்தால் ஐம்பது பேரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்பதால், வாசிப்பவர்கள் மத்தியில் லியோனார்டுக்கு நல்ல பெயர். “இன்னிக்கு லியோ கை நல்லா கீதா? ரெண்டு டீயாவது வருமா?” என்று தபேலாக்காரர் ஒருவர் வாசலிலேயே கேட்பார்.

ஒரு படத்தில் உச்சக்காட்சி முழுக்கச் சத்தமே இல்லாமல் இருந்தது. பத்திரிகைகள் அந்தக் காட்சியைப் பாராட்டி எழுதின. பெரியவர் துணிச்சலாக இசையை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று எழுதின. பெரியவர் லியோனார்டுக்கு ஒரு சட்டைத்துணி வாங்கிக் கொடுத்தார். டைட்டிலில் லியோனார்டின் பெயர் எப்போதும்போல ‘உதவி’ என்ற வரிசையில், ஆறு பேருக்கு நடுவே ஓடியது. இசை வைத்தவருக்குப் பெயர் போடலாம். வைக்காத இடத்துக்கு யார் பெயரைப் போடுவது?

சொந்தமாக ஒரு படம் வராமல் இல்லை. 1986-ல் ஒரு புதுத் தயாரிப்பாளர் பூஜை போட்டார். அப்போதெல்லாம் பாட்டுப் பதிவோடுதான் படம் தொடங்கும். லியோனார்டின் ஆர்மோனியத்துக்குச் சந்தனம் வைத்தார்கள். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு முதல் சுரத்தை வாசித்தார். அந்தப் பூஜையின் அழைப்பிதழில் அவர் பெயரைப் பார்த்துத்தான் நோராவின் வீட்டில் பெண் கொடுத்தார்கள். கல்யாணம் நடந்தது. இரண்டு பாட்டோடு படம் நின்றது. தயாரிப்பாளர் தன் பழைய மரக்கடைக்கே திரும்பிவிட்டார்.

“சினிமா மியூசிக் டைரக்டர்னு சொல்லித்தான் என்னைக் கட்டி வச்சாங்க” என்று நோரா எல்லோரிடமும் சொல்வார். அவர் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். “நாப்பது வருஷமா அந்தப் படம் ரிலீஸ் ஆகும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.” கேட்பவர்கள் சிரிப்பார்கள். லியோனார்டும் சிரிப்பார். நோரா சிரிப்பதில்லை.

கம்ப்யூட்டர் வந்தது. ஐம்பது பேர் உட்காரும் கூடங்கள் மூடின. ஸ்டாப்வாட்சுக்கு வேலை போயிற்று. பெரியவரும் இறந்தார். லியோனார்ட் அடையாறில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தார். நாடகங்கள் மட்டும் நிற்கவில்லை.

அந்த நாடகங்களில் ஒன்று 2003-ல் நடந்தது. கடலுக்குப் போன கணவன் திரும்பாததால், கரையோரக் குடிசையை விட்டு மகள் வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்தவர்களையே நடிக்கக் கூப்பிட்டார். தாயம்மா அப்படி வந்தவர். சாந்தோம் தெருக்களில் மீன் கூடையோடு வருபவர். குரல் மூன்றாவது மாடி வரை போகும்.

“இன்னா மாஸ்டரு, பாட்டு இம்மாம் நீளமா கீது? நான் பாடி முடிக்கறதுக்குள்ள மீனு நாறிடும்” என்றார் முதல் ஒத்திகையில்.

பாட்டு இப்படித் தொடங்கும்:

*கதவைச் சாத்திப் போறேன், கடலே,*
*காவல் நீதான் இரு.*

தாயம்மா இல்லாத கதவைச் சாத்தி, இல்லாத பூட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்வார். கடைசி வரியை எவ்வளவு நேரம் இழுப்பார் என்று அவருக்கே தெரியாது. மைதானத்தில் இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை இழுப்பார். கூட்டம் பெரிதாக இருந்த நாளில் பாட்டும் பெரிது. லியோனார்ட் ஆர்மோனியத்தோடு காத்திருப்பார். தாயம்மாவின் மகள் அன்புச்செல்விக்கு அப்போது ஒன்பது வயது. கோரஸ் பிள்ளைகளில் ஒருத்தி. இரண்டாவது வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தவள் என்று அவளே பின்னால் ஒத்துக்கொண்டாள்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்தில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். லாரி வந்து நின்றது. சாமான்களை ஏற்றியாயிற்று. மறுநாள் இடிக்கப்போகும் வீட்டின் கதவைத் தாயம்மா சாத்தினார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு லாரியில் ஏறினார். “இன்னாத்துக்குமா பூட்டற?” என்று மகள் கேட்டாள். அந்தச் சாவி ஏழாவது மாடி வீட்டில் காலண்டர் ஆணியில் தொங்கியது. கொரோனாவின் இரண்டாவது அலையில் தாயம்மா இறந்தார்.

அன்புச்செல்வி உதவி இயக்குநராகச் சில படங்களில் ஓடி, போன வருடம் சொந்தமாக ஒரு படம் எடுத்தாள். ஆற்றோரத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு குடும்பத்தின் கடைசி நாள்தான் கதை. தயாரிப்பாளர் சுரேஷ்குமார், இருபது வருடம் படப்பிடிப்புகளுக்குச் சாப்பாடு சப்ளை செய்தவர். படம் முழுக்க இசை இல்லை. தெருச் சத்தமும் பேச்சும்தான். ஒரே ஒரு இடத்தில், நாயகி கதவைப் பூட்டும் இடத்தில், தாயம்மாவின் பாட்டு. 2003-ல் மைதானத்தில் யாரோ கேசட்டில் பிடித்தது. அதைத் தேடி எடுத்து லியோனார்ட் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“மாஸ்டர், இந்தப் பாட்டு நடுவுல வரும். கடைசில அம்மா முனகறது வரும். வேற மியூசிக்கே கிடையாது. அதனால டைட்டில்ல ‘இசை: லியோனார்ட்’தான். தனி கார்டு.”

லியோனார்ட் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோரா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். “தனி கார்டுன்னா? வேற பேரு கூட இருக்காதா?”

“இருக்காது ஆன்ட்டி. இவர் பேரு மட்டும்தான்.”

நோரா உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் அங்கே எந்தச் சத்தமும் வரவில்லை. பிறகு மிக்சி ஓடியது.

அடுத்த ஞாயிறே பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. பூசை முடிவில் அறிவிப்புகள் வாசிக்கும்போது, நற்கருணை விழா, இரத்த தான முகாம், அதற்குப் பிறகு ‘நம் பங்கைச் சேர்ந்த திரு. லியோனார்ட் இசையமைத்த திரைப்படம்’ என்று வாசித்தார்கள். கைதட்டினார்கள். வெளியாகும் நாளில் மொத்தமாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பெயர் சேர்க்கும் பொறுப்பை நோரா எடுத்துக்கொண்டார்.

போன அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒலிக்கலவைக்காக லியோனார்டைத் தி.நகருக்குக் கூப்பிட்டார்கள். துணிப்பைகளும் பிள்ளைகளுமாகத் தெருவே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் கயிறு கட்டி ஜனங்களைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாத்திரக்கடைக்குப் பின்னால் மாடியில் ஸ்டுடியோ. கதவைச் சாத்தியதும் தி.நகர் இல்லாமல் போயிற்று.

ஒலிக்கலவை செய்பவன் காஷிஃப். திருவல்லிக்கேணிக்காரன். பாட்டைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் எடுத்திருந்தான். “ஜெனரேட்டர் சத்தத்த எடுத்துட்டேன் சார். ஒரு கொழந்த அழுவுது, அதையும் எடுத்துட்டேன். பின்னாடி ஒரு ஆளு ‘உக்காருபா, மறைக்குது’ன்றான், அவனையும் உக்கார வச்சிட்டேன். அலைதான் போவ மாட்டேங்குது.”

“அது இருக்கட்டும்பா” என்றார் லியோனார்ட்.

சுரேஷ்குமார் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்புச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். முதலில் பேச்சுச் சத்தம் மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பாட்டு இல்லாமல் அந்தக் காட்சியை ஓடவிட்டான் காஷிஃப். எந்த ஸ்டுடியோவிலும் அப்படித்தான். லியோனார்ட் அதுவரை அந்தக் காட்சியைப் பாட்டோடு மட்டுமே பார்த்திருந்தார்.

திரையில் லாரி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாயகி வாசலுக்கு வந்தாள். தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கி ஏறும் சத்தம். பூட்டு. சாவி திரும்பும் சத்தம். பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அந்தச் சின்ன ‘டக்’ கேட்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் முந்தானை நுனியைக் கையில் எடுத்தாள்.

“இப்ப உங்க பாட்ட ஏத்தறேன் சார்” என்று காஷிஃப் திரும்பினான்.

லியோனார்டின் வலது உள்ளங்கை தோள் உயரத்தில் இருந்தது.

தான் கையைத் தூக்கியது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே இறக்கினார். காஷிஃபுக்கு அந்தக் காலத்து அடையாளமெல்லாம் தெரியாது. “ஏதாவது வேணுமா சார்? ஏசி கொறைக்கணுமா?” என்றான்.

“ஒண்ணுமில்ல. போடு.”

அவர் ஒன்றுமில்லை என்று சொன்னதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பெரியவரோடு வேலை செய்த வயலின்காரர்களிடம் அன்புச்செல்வி அந்தக் கையின் கதையைக் கேட்டிருந்தாள். அவள் காஷிஃபைத் தடுத்தாள்.

“இரு காஷிஃப். மாஸ்டர், கை தூக்கனீங்க.”

“பழக்கதோஷம்மா. போடச் சொல்லு.”

பாட்டோடு ஓடியது. தாயம்மாவின் குரல் அறையை நிறைத்தது. *கதவைச் சாத்திப் போறேன், கடலே.* திரையில் அவள் கதவைச் சாத்தினாள். *காவல் நீதான் இரு.* அவள் பூட்டினாள். நாதாங்கி கேட்கவில்லை, பூட்டு கேட்கவில்லை, அந்த ‘டக்’ கேட்கவில்லை. சுரேஷ்குமார் முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுக்குத்தான்யா படம் எடுத்தேன்” என்றார்.

அன்புச்செல்வி அவரைப் பார்க்கவில்லை. லியோனார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க மாஸ்டர். இங்க வேணுமா?”

அவள் மட்டும் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் என்று லியோனார்ட் பின்னால் நோராவிடம் சொன்னார். முப்பது வருடம் அந்தக் கேள்விக்கு அவர் பொய் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“பாட்டு சொல்றதத்தான் அந்தப் பொண்ணு செஞ்சிட்டிருக்கா. மேடையில கதவு இல்ல. அதனால பாட்டு கதவைக் காட்டுச்சு. இங்க கதவு இருக்கு.” திரையைப் பார்த்தார். “வேணாம்மா.”

“அந்தப் பாட்டு காதுல ஓடிக்கினே இருந்துதுன்னுதான் அந்த சீனே எழுதனேன் மாஸ்டர்.”

“தெரியுது.”

“அது அம்மா குரலு.”



சுரேஷ்குமார் எழுந்தார். “இன்னா நைனா பேசிக்கினு இருக்கீங்க? ஒரே ஒரு பாட்டு. அதையும் புடுங்குனா எவன் வருவான்? கல்யாணத்துல அப்பளம் வைக்கலன்னாலே எலய தூக்கிப் போடறானுங்க.” லியோனார்டிடம் திரும்பினார். “சார், உங்க பாட்டு சார் அது. உங்களுக்கே வேணாமா?”

அன்புச்செல்வி இன்னொருமுறை பாட்டில்லாமல் போடச் சொன்னாள். பிறகு பாட்டோடு. பிறகு பாட்டில்லாமல். மூன்றாவது முறை அந்த ‘டக்’ கேட்டபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எடுத்துடு காஷிஃப்” என்றாள்.

முதல் பாட்டு போனால் கடைசியில் வரும் முனகலுக்கு அர்த்தம் இல்லை. எந்தப் பாட்டின் முனகல் அது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அதையும் எடுத்தார்கள். நான்கு நிமிடம் பத்து வினாடி, மொத்தமும் போயிற்று. காஷிஃப் சூழலை இலகுவாக்கப் பார்த்தான். “கார்டு போட்டுடலாம் சார். ‘அமைதி: லியோனார்ட்’னு.” யாரும் சிரிக்காததால் அவன் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான்.

படிக்கட்டில் இறங்கும்போது அன்புச்செல்வி கூடவே வந்தாள். கீழே கூட்டத்தின் இரைச்சல் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது.

“பேரு இருக்கட்டும் மாஸ்டர். ‘இசை: லியோனார்ட்’. யாரு கேக்கப்போறா?”

“இசையே இல்லாத படத்துக்கு இசைன்னு போட்டா ஜனங்க சிரிப்பாங்கம்மா. வேணாம்.”

“எல்லாத்துக்கும் வேணாம், வேணாம்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க சும்மா இருந்திருந்தா நானும் கண்டுக்காம விட்டிருப்பேன். அம்மா குரலு தியேட்டர்ல ஒரு தடவ கேட்டிருக்கும். இப்ப என்னாலயும் அத வைக்க முடியல. அந்த ‘டக்’ காதவிட்டுப் போவ மாட்டேங்குது.”

மன்னிப்புக் கேட்பதா, பாராட்டுவதா என்று லியோனார்டுக்குத் தெரியவில்லை. நன்றாக எடுத்திருக்கிறாய் என்றார். அவள் தலையசைத்துவிட்டு மேலே போனாள். மறுநாள் காஷிஃப், சுத்தம் செய்த பாட்டை இருவருக்கும் போனில் அனுப்பினான். லியோனார்ட் இதுவரை அதைத் திறக்கவில்லை. அன்புச்செல்வி திறந்தாளா என்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது நோரா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். லியோனார்ட் காட்சியை விவரித்தார், பூட்டை விவரித்தார். நோரா முழுவதும் கேட்டார். கத்தி நிற்கவில்லை.

“யாராவது உங்களை எடுக்கச் சொன்னாங்களா?”

“இல்ல. அந்தப் பொண்ணு கேட்டா.”

“கேட்டா, நல்லாருக்குன்னு சொல்லத் தெரியாதா?”

“நோரா, அது அங்க தேவையில்ல. நீ பாத்திருந்தா...”

“தேவையில்லன்னு எனக்குத் தெரியுது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்களுக்கு எப்பவுமே சரிதான்.” நறுக்கியதை வாணலியில் போட்டார். எண்ணெய் சத்தம் போட்டது. “ஒரே ஒரு நாள் தப்பாப் போகட்டும்னு விட்டிருக்கலாம். எனக்காக.”

அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நோரா ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தபோது லியோனார்டும் பக்கத்தில் உட்கார்ந்து மறுமொழி சொன்னார்.

சங்கடம் ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கியது. பூசை முடிந்து வாசலில், பாடகர் குழுவில் அவரோடு வளர்ந்த எரிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எப்ப ரிலீஸ் மச்சி? நான் ஃபர்ஸ்ட் ரோ.” லியோனார்ட் வாயைத் திறந்தார். அதற்குள் நோரா முந்திக்கொண்டார். “பிப்ரவரில. உங்க வீட்ல எத்தனை பேர்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.” சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். வாழ்த்தியவர்களுக்கெல்லாம் தேங்க்யூ சொன்னார். பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த ஞாயிறும். கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்த தூரத்து உறவுகள்கூடக் கேட்டார்கள். லியோனார்ட் இப்போது பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துப் பக்கமாக இருக்கும் சின்ன வாசல் வழியாக வெளியே வருகிறார். நோரா பெரிய வாசல் வழியாக.

சனவரியில் ஒருநாள் லியோனார்ட் கேட்டார். “அவங்ககிட்ட சொல்லிட வேணாமா? வந்து பாத்துட்டு என்ன நெனப்பாங்க?”

“பாத்துட்டு நெனச்சுக்கட்டும்” என்றார் நோரா. “நாப்பது வருஷத்துல ஒரு மூணு மாசம் நான் மியூசிக் டைரக்டர் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். அதுக்கும் கையத் தூக்காதீங்க.”

லியோனார்ட் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சுரேஷ்குமார் ஒரு நல்ல காரியம் செய்தார். ‘நன்றி’ என்று கடைசியில் வேகமாக மேலேறும் பெயர்களில் தாயம்மாவையும் லியோனார்டையும் சேர்த்தார். ஆற்றோரத்தில் படம் எடுக்க இடம் கொடுத்தவர்களுக்கும், லாரி உரிமையாளருக்கும் நடுவில். அந்த நேரத்தில் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

படம் பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை வெளியாகிறது. மாலைக் காட்சிக்கு சாந்தோம் பங்கிலிருந்து முப்பத்தெட்டுப் பேர் போகிறார்கள். அடுத்த வாரம் சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கிவிடும் என்பதால், அந்த வெள்ளியை விட்டால் ஈஸ்டர் வரை அவர்கள் சினிமாவுக்குப் போகமாட்டார்கள்.